சட்டம் அளக்காத கோணல்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1934-லேயே மான் வில்வேட்டைக்கென்று தனிப் பருவம் ஒதுக்கியது. அங்கே வில்லின் இழுவிசை குறைந்தது 30 பவுண்டு இருக்க வேண்டும். அம்புமுனையின் அகலம் முக்கால் அங்குலத்துக்கும் சற்று மேலே, 22 மில்லிமீட்டர் அளவுக்காவது வேண்டும். அலகு கூராக இருக்க வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் அம்பு நேராகப் பறக்கிறதா என்று இவற்றில் எதுவும் கேட்பதில்லை. வேட்டைக்காரர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அம்பு மோதி வீழ்த்துவதில்லை, அறுத்து வீழ்த்துகிறது. இரு நுரையீரல்களையும் அது கடந்தால் மான் விரைவில் சாகும். பயிற்சிக்கான மொட்டை முனையில் காற்றுக்குப் பிடி கிடைக்காது. பிராட்ஹெட் எனப்படும் அலகு முனையோ அம்பின் தலையிலும் சிறகு முளைத்தது போன்றது. நாணை விட்டுப் புறப்படும்போது தண்டு சற்றுக் கோணினாலும், பின்னிறகுகள் நிமிர்த்துவதற்குள் அலகுகள் திசையை மாற்றிவிடும். இரண்டு முனைகளும் ஒரே 100 கிரெய்ன், அதாவது ஆறரை கிராம், எடையில் இருந்தும் வெவ்வேறு இடங்களில் தைப்பது இதனால்தான். பலர் உடனே குறிநோக்கியை நகர்த்திவிடுகிறார்கள். அதன்பின் அம்பு குறியில் தைக்கும், கோணலாகவே தைக்கும். ஊடுருவும் விசை தண்டின் ஆட்டத்திலேயே வீணாகும். அம்பைச் சுழற்றிப் பார்த்து, முனை தள்ளாடாமல் தண்டின் அச்சில் நிற்கிறதா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். அலகுகளை இறகுகளுக்கு நேராக வைப்பதில் சிலர் மெனக்கெடுகிறார்கள். அச்சு சரியாக இருந்தால் அது தேவையில்லை. பிறகு, அலகு முனை வலப்புறம் விலகினால் அம்புதாங்கியை இடப்புறமாக, ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தி, இரு முனைகளும் ஒரே இடத்தில் தைக்கும்வரை எய்து பார்க்க வேண்டும்.

பட்டதும் விரியும் முனைகள் வந்தபின் இந்தப் பாடு எதற்கு என்கிறார்கள். அவை கோணலை மறைக்கின்றன, நீக்குவதில்லை. விரிவதற்கே கொஞ்சம் விசையைச் செலவழிக்கும் முனைக்கு நேரான பாய்ச்சல் இன்னும் அவசியம். இருபது கஜத்தில் எய்பவருக்கு விலகல் சிறிதாகத்தான் தெரியும் என்பது உண்மை. ஆனால் அந்த அருகாமையில்தான் இறகுகள் அம்பை நிமிர்த்த நேரம் குறைவு. வேட்டையே கொடுமை, இதில் நேர்த்தி என்ன என்று வேட்டையைத் தடுக்கும் இந்தியாவின் 1972 வனவுயிர்ச் சட்டத்தின் கீழ் வாழும் நம் வாசகர் கேட்கலாம். வேட்டை சட்டப்படி நடக்கும் நாட்டில், காயத்தோடு ஓடி நாள்கணக்கில் சாகும் மானுக்கு அந்த நேர்த்தி மட்டுமே பாதுகாப்பு. ஆகவே வில்வேட்டைப் பயிற்சி வகுப்புகள் மொட்டை முனையோடு நிறுத்தாமல், காட்டுக்குப் போகும் அதே அலகு முனையை மாணவர் எய்து காட்டிய பிறகே சான்றிதழ் தர வேண்டும்.