கதவைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஆர்.சி.ல யார் பேர்னு பாருங்க

மக்களே, ஃபேர்வெல் சீசன் வந்தாச்சு. எந்த டிபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் ரெண்டே விஷயம்தான் ஓடுது. ஒண்ணு பிளேஸ்மெண்ட், இன்னொண்ணு கொடைக்கானல் ட்ரிப். இந்த வருஷம் ட்ரிப் பேச்சோட புதுசா ஒரு ஐடியாவும் சேர்ந்திருக்கு. ஒரு தார் எடுக்கணுமாம், கதவைக் கழட்டி வெச்சிட்டு ஒட்டன்சத்திரம் வழியா பாச்சலூர் ரோட்டுல ஏறணுமாம். ரீல்ஸ் செமையா வருமாம்.

எனக்குச் சொந்த ஊர் ஒட்டன்சத்திரம். அதனால "அந்த ரோட்டுல செக்கிங் இருக்குமா மச்சி?" என்ற கேள்வி நேரா என்கிட்டதான் வருது. செக்கிங் இருக்கா இல்லையா என்பது அன்னிக்கு நம்ம அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அதைவிட முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது மூணு இருக்கு: சட்டம் என்ன சொல்லுது, மாட்டினா யார் மாட்டுவாங்க, கதவு உண்மையில என்ன வேலை செய்யுது. தேடிப் படிச்ச வரைக்கும் சொல்றேன். முடிவு உங்க கையில.

"கதவு" என்று ஒரு வரி கூட இல்லையே?

உண்மைதான். சொந்தக் காரைக் கதவு இல்லாமல் ஓட்டக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லும் பிரிவு, 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் கிடையாது. நம்ம பசங்க இதைத்தான் பிடிச்சுத் தொங்குறாங்க. ஆனா சட்டம் வேற வழியா வருது.

பிரிவு 52-ஐப் படிங்க. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. "மாற்றம்" என்றால் என்ன என்பதற்கும் அங்கேயே விளக்கம் உண்டு: வண்டியின் அமைப்பில் செய்யும் மாறுதலால் அதன் அடிப்படை அம்சம் மாறினால் அது மாற்றம்.

இங்கதான் நம்ம கிளாஸ் வக்கீல் கையைத் தூக்குவான். "ஆர்.சி.ல கலர் இருக்கு, இன்ஜின் நம்பர் இருக்கு, பாடி டைப் இருக்கு. எத்தனை கதவுன்னு எங்க இருக்கு?" நல்ல கேள்வி. 2019 ஜனவரி 9-ஆம் தேதி, கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தயாரிப்பாளர் கொடுத்த மூல வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது என்பதுதான் அதன் சாரம். அதாவது ஆர்.சி. அட்டையில் அச்சான நாலு வரியோட விஷயம் முடியல. அந்த மாடல் எந்த வடிவத்தில் சோதிக்கப்பட்டு ஒப்புதல் வாங்கியது என்பதுதான் அளவுகோல். தார் கதவோடதான் ஒப்புதல் வாங்கியிருக்கு.

ரெண்டு போல்ட்டைக் கழட்டித் திரும்ப மாட்டுறது "அடிப்படை அம்ச" மாற்றமா என்று ஒரு நல்ல வக்கீல் கோர்ட்டில் வாதாட இடம் இருக்கு, மறுக்கல. ஆனா அந்த வாதத்தைக் கோர்ட்டில்தான் செய்ய முடியும். பாச்சலூர் ரோட்டில் நின்னுக்கிட்டு செய்ய முடியாது.

மாட்டினா யார்?

2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ(4)-ன் படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ரெண்டும். அந்தப் பிரிவில் கவனிக்க வேண்டிய வார்த்தை "உரிமையாளர்". ஓட்டினது நீங்க. ஆனா ஆர்.சி. யார் பேர்ல இருக்கு? நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அப்பா பேரில். இல்லைன்னா "மச்சி, ஒருநாள் கொடுடா" என்று வாங்கின சீனியர் பேரில். சம்மன் அவங்க வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

ஓட்டுனவரும் தப்பிக்க முடியாது. சாலைப் பாதுகாப்புத் தரத்தை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால் பிரிவு 190(2) வரும். முதல் தடவையே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். கூடவே லைசென்ஸும் 3 மாதத்துக்குப் போயிடும். ஆர்.சி.யை நிறுத்தி வைக்க பிரிவு 53 தனியா இருக்கு.

"இதெல்லாம் புத்தகத்துலதான் இருக்கும்"னு நினைக்கிறவங்களுக்கு ஸ்ரீநகர் கதை. அங்கே மாற்றங்கள் செய்யப்பட்ட ஒரு தார் வண்டியின் உரிமையாளருக்கு போக்குவரத்து நீதிமன்றம் 6 மாத சிறைத் தண்டனை விதித்தது, 2023 ஜனவரியில் நாடு முழுக்கச் செய்தியாச்சு. முன்பு எந்தக் குற்றமும் செய்யாதவர் என்பதால் ஜெயிலுக்கு அனுப்பாமல், 2 லட்ச ரூபாய் பத்திரம் எழுதி வாங்கி 2 வருட நன்னடத்தையில் விட்டார்கள். வண்டியை ஆர்.சி.யில் உள்ள பழைய நிலைக்குக் கொண்டுவரவும் உத்தரவு, செலவு உரிமையாளருடையது. 2024 ஜூலையில் வயநாடு பனமரத்தில் மாற்றி அமைத்த திறந்த ஜீப் ஒன்று நம்பர் பிளேட்டும் இல்லாமல், சீட் பெல்ட்டும் இல்லாமல் ஓடிய வீடியோ பரவியபோது கேரள உயர் நீதிமன்றமே தலையிட்டது. வீடியோ எடுத்துப் போட்டது வேற யாரும் இல்ல, அவங்களேதான். ரீல்ஸ் என்பது நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற வாக்குமூலம், ஞாபகம் வெச்சுக்கோங்க.

கதவு என்ன வேலை செய்யுது?

மெக்கானிக்கல் பசங்க மன்னிக்கணும், மத்தவங்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. கொண்டை ஊசி வளைவின் ஆரம் 15 மீட்டர் என்று வெச்சுக்கோங்க. வண்டி மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் திரும்புது. 60 கிலோ எடையுள்ள ஆள் அந்த வளைவில் திரும்ப, பக்கவாட்டில் சுமார் 280 நியூட்டன் விசை வேணும். அந்த ஆளுக்கு அது எப்படித் தெரியும்னா, 28 கிலோ மூட்டை ஒண்ணு தன்னை வெளியே தள்ளுற மாதிரி தெரியும். வலதுபுறம் திரும்பும்போது இடது சீட்டில் இருப்பவர் தள்ளப்படுவது கதவுப் பக்கம்தான். கதவு இல்லைன்னா பள்ளத்தின் பக்கம். பெல்ட் பிடிக்கும், சரி. ஆனா ரீல்ஸ்ல பெல்ட் போட்டு உட்கார்ந்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

வளைவாவது தினசரி விஷயம். வண்டி கவிழ்ந்தால்தான் கதவோட முழு மதிப்பும் தெரியும். கதவின் பூட்டும் கீலும் எவ்வளவு தாங்கணும்னு உலக அளவில் ஐ.நா. விதிகள் இருக்கு: நீளவாக்கில் சுமார் 11,000 நியூட்டன், பக்கவாட்டில் சுமார் 9,000. ஒரு டன்னுக்கு மேல் எடையைத் தொங்கவிட்டாலும் அந்தப் பூட்டு விடக் கூடாது. நம்ம நாட்டில் இதற்கு ஐ.எஸ். 14225 என்ற தரநிலை உண்டு. காற்று வராமல் இருக்க மட்டும்னா இவ்வளவு பலம் எதுக்கு? விபத்தில் ஆள் உள்ளேயே இருக்கணும் என்பதற்காகத்தான். உள்ளே இருந்தவரைவிட வெளியே தூக்கி எறியப்பட்டவர் பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

இன்னொண்ணு, சைடு மிரர். பெரும்பாலான வண்டிகளில் அது கதவில்தான் இருக்கு. கதவைக் கழட்டினா கண்ணாடியும் வீட்டில் தூங்கும். பின்னாடி வாழைத்தார் ஏற்றின லாரி ஹாரன் அடிக்கிற வரைக்கும் அது வர்றது தெரியாது.

கழட்டுறது சுலபம்தானே என்று எங்க ஊர் மெக்கானிக் அண்ணன் ஒருத்தர்கிட்ட கேட்டேன். "கழட்டுறது பெரிய வேலை இல்ல தம்பி. போல்ட்டை எடுக்கணும், வயர் சாக்கெட்டைப் பிடுங்கணும். திரும்ப மாட்டும்போதுதான் தெரியும். லெவல் உட்காராது, பூட்டு சரியா விழாது, மழை பெஞ்சா தண்ணி உள்ள வரும்" என்றார். பூட்டு சரியா விழாத கதவு அந்த 11,000 நியூட்டனை எங்கிருந்து தாங்கும்?

வழக்கமா வர்ற மூணு கேள்விகள்

"பைக்குக்கு மட்டும் கதவு இருக்கா?" இல்லை. பைக் அப்படியே வடிவமைக்கப்பட்டு, அப்படியே ஒப்புதல் வாங்கியது. அதுக்குப் பதிலாத்தான் தலைக்கு ஹெல்மெட் கட்டாயம். ஜீப்பில் ஹெல்மெட் இல்லாமல் உட்காரலாம்னு விட்டதே, சுத்தி ஒரு கூடு இருக்கு என்ற நம்பிக்கையில்தான்.

"அமெரிக்காவுல ராங்லர் கதவில்லாம ஓடுதே?" ஓடுது. கதவில்லாமலும் ஓட்டுவதற்கென்றே தயாரித்த வண்டியில், சுலபமாகக் கழற்றி மாட்டும் கதவுகளுக்கு அங்கே பூட்டுத் தரநிலையிலேயே விலக்கு எழுதி வெச்சிருக்காங்க. தயாரிப்பாளரும் அதை மனசில் வெச்சுத்தான் கீலை வடிவமைக்கிறார். வேணும்னா அப்படி ஒரு தெளிவான விதி இங்கேயும் வரட்டும்னு கேட்போம், நியாயமான கோரிக்கை. வர்ற வரைக்கும் அவங்க விதியில் நம்ம வண்டியை ஓட்ட முடியாது.

"எங்க தாத்தா காலத்து ஜீப்புக்குக் கதவே கிடையாதே?" இதுதான் முக்கியமான கேள்வி. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்குக் கதவு இல்லை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு பட்டை மட்டும் கட்டியிருப்பாங்க. அந்த வம்சத்தில் வந்த பழைய மஹிந்திரா ஜீப்கள் இன்னிக்கும் வடகாடு, பாச்சலூர், தாண்டிக்குடி பக்கம் மலைத் தோட்டங்களுக்கு ஓடுது. பல வண்டிகளுக்குக் கேன்வாஸ்தான் கதவு. ஃபேக்டரியிலிருந்தே கதவில்லாமல் வந்த வண்டி "மாற்றம்" ஆகாது. ஒரே ரோட்டில் முன்னும் பின்னும் கதவில்லாத ரெண்டு வண்டி போனால், ஒண்ணு சட்டப்படி சரி, இன்னொண்ணு குற்றம். கேட்க வேடிக்கையா இருக்கும், ஆனா சட்டத்தின் கணக்கு அதுதான்.

அந்த ஜீப்புக்குள்ள யார் இருக்காங்க?

இங்கதான் எனக்கு நம்ம ட்ரிப் மேல இருக்கிற கோபத்தைவிடப் பெரிய கோபம் வருது.

காப்பி, மிளகு, மலைவாழை எடுக்க மேலே போறவங்க, பஸ் நேரமும் வேலை நேரமும் ஒத்துவராத ஊர்களில், கிடைக்கிற ஜீப்பில் நெருக்கியடிச்சுத்தான் போறாங்க. பின்பக்கம் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அவங்களுக்குக் கதவில்லாமல் போறது ஸ்டைல் இல்லை, வேற வழி இல்லை. வாடகை வண்டியில் கூடுதலா ஆள் ஏற்றினால் பிரிவு 194ஏ-ன் படி தலைக்கு 200 ரூபாய் அபராதம். கழட்டின கதவுக்கு 5,000, வெளியே தொங்குற ஆளுக்கு 200. இந்தக் கணக்கைப் போட்டவங்க மலை ஜீப்பில் ஒரு தடவையாவது பின்னாடி நின்னு வந்திருப்பாங்களா தெரியல.

இது மலையில் மட்டும் நடக்கிறதும் இல்லை. கதவில்லாத டவுன் பஸ் படிக்கட்டில் தொங்கி காலேஜுக்கு வந்தவங்க நம்ம கிளாஸிலேயே இருக்கோம். 2012 டிசம்பரில் சென்னை பெருங்குடியில் பஸ் படிக்கட்டில் வந்த நாலு மாணவர்கள் லாரி மோதி இறந்தாங்க. அவங்களும் அன்னிக்குப் பஸ்ஸை விட்டுடக் கூடாதுன்னுதான் ஏறினாங்க.

அதனால என் கருத்து இதுதான். கதவைக் கழட்டக் கூடாது என்ற சட்டம் சரி, அதை மதிப்போம். ஆனா கதவே இல்லாமல் போறவங்களைப் பற்றியும் அதே சட்டம் கவலைப்படணும். பழைய மலை ஜீப்களுக்கு ஒரு பக்கத் தடுப்பு, பின்சீட்டுக்குப் பெல்ட், பின்பக்கம் ஒரு சின்ன கேட் என்று ஒரு எளிய, விலை குறைந்த, ஒப்புதல் பெற்ற கிட் வரணும். இப்போ உள்ள நிலையில் அதை மாட்டுறதும் ஒரு "மாற்றம்" என்ற கேள்வி வரும், அனுமதி வாங்கித்தான் செய்யணும். அந்த அனுமதியை அரசு சுலபமாக்கினாலே பாதி வேலை முடிஞ்சது. மீதி பாதியை ஏன் நாம செய்யக் கூடாது? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னும் லைன் ஃபாலோயர் ரோபோ செஞ்சுக்கிட்டிருக்கும் ஜூனியர்களே, உங்களைத்தான் சொல்றேன். ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட் பக்கம் வாங்க. மலையிலிருந்து இறங்கி நிற்கிற ஜீப்களை அளந்து பார்க்க டிரைவர் அண்ணன்கள் யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. டீயும் வாங்கிக் கொடுப்பாங்க.

ட்ரிப் போறவங்களுக்கு: தாராளமா போங்க. பரப்பலாறு அணையில் நிறுத்திப் பாருங்க, பாச்சலூரில் சூடா ஏதாவது சாப்பிடுங்க, கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுத்துக்கோங்க. காத்து வேணும்னா கண்ணாடியை இறக்குங்க. யாருக்காவது சொந்தத் தோட்டம் இருந்தா, கேட்டுக்குள்ள கதவில்லாம மெதுவா ஓட்டி ஆசையைத் தீர்த்துக்கோங்க, பெல்ட் போட்டுக்கிட்டு. ரோட்டுக்கு வரும்போது கதவு அதன் இடத்தில் இருக்கணும்.

குரூப்பில் இந்த ஐடியாவைப் போட்டவனுக்கு இந்த லிங்கை அனுப்பிடுங்க. கூடவே ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "வண்டி யார் பேர்ல இருக்கு மச்சி?"