காற்றும் கைத்தொழிலும்



தொம்மலூரில் வாழும் நம்மில் பலர் பழைய விமானநிலையச் சாலை வழியே நாள்தோறும் கிழக்கே செல்கின்றோம். வழியில் கோடிஹள்ளியில் தேசிய வானூர்தி ஆய்வகம் நிற்கின்றது. வானூர்திகளை ஆராயும் அக்கூடம் ஒருகாலத்தில் உழவனின் கிணற்றையும் எண்ணிப் பார்த்தது என்பதை நம் இளைஞர் அறிவரோ?

1959ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிறுவனம், 1960களில் 'டபிள்யூ.பி.2' என்னும் நீரிறைக்கும் காற்றாலையை ஆக்கியது. ஏறக்குறைய 80 ஆலைகள் நாட்டின் பல பகுதிகளில் நிறுவப்பட்டன. இவ்வகை ஆலையின் இயக்கம் எளியது. இரும்புக் கோபுரத்தின் உச்சியில் பல இதழ்கள் கொண்ட சக்கரம் சுழலும். வால் தகடு அதனைக் காற்றின் முகமாகத் திருப்பும். சுழற்சி ஒரு தண்டை மேலும் கீழும் அசைக்க, அடியிலுள்ள பம்பு நீரை ஏற்றும். எண்ணெயும் வேண்டா, மின்சாரமும் வேண்டா.

ஆயினும் அம்முயற்சி வேரூன்றவில்லை. விலையோ மிகுதி; பழுது நேர்ந்தால் அண்மையில் சீர்செய்வாரும் அரியர். மின்விசைப் பம்பு ஊர்தோறும் பரவவே, உழவர் அதனையே நாடினர்.

1973இல் மதுரை மாவட்டத்தில் வேறொரு முயற்சி நடந்தது. கிரீட் தீவின் பழைய பாய்க் காற்றாலையை ஒட்டி, மாட்டுவண்டிச் சக்கரத்தில் மூங்கிற் கழிகளைப் பிணைத்துத் துணிப்பாய் கட்டினர். ஊர்த் தச்சரே பழுது பார்க்கத்தக்க பொருள்கள் அவை. கருவியைப் பேணும் கை, கருவியின் அருகிலேயே இருக்கவேண்டும் என்பதை அம்முயற்சி உணர்த்திற்று.

காற்றாலைக்குப் பெயர்பெற்ற ஆலந்து நாடும் இவ்வுண்மையைக் காலந்தாழ்த்தே கண்டது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஏறத்தாழ 10,000 ஆலைகள் சுழன்றன. இன்று எஞ்சியவை ஆயிரத்துக்குச் சற்று மேல். அவற்றைக் காக்க 1923இல் ஒரு சங்கம் தோன்றியது. 2017இல் யுனெஸ்கோ, ஆலையை இயக்குவோரின் தொழில்திறனையே மனிதகுலத்தின் மரபுச்செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. மரமும் கல்லும் நின்றாலும், இயக்கத் தெரிந்தவர் மறைந்தால் ஆலை வெறுங்காட்சிப் பொருளே!

விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் அன்பர்கள், கிணற்றடியில் துருவேறிய காற்றாலை ஒன்றைக் கண்டால், இரும்பு விலைக்குப் போடுமுன் சற்றே நில்லுங்கள். பழுதறிந்த ஒருவரை அழைத்து, முதலில் சக்கரத்தை அசையாது கட்டச் செய்யுங்கள். அச்சுருளைகள் தேய்ந்தனவா, பம்பின் தோல்வாசர் காய்ந்ததா எனப் பாருங்கள். வண்ணம் பூசுவது கடைசி வேலை.

நம் இல்லங்களிலேயே கடைசல், பற்றவைப்பு, தச்சு ஆகிய தொழில்களில் முடிநரைத்த பெரியோர் உள்ளனர். தாம் கற்றதைக் கேட்பாரின்றி அவர்கள் திண்ணையில் அமர்ந்திருத்தல் தகுமா? ஞாயிறுதோறும் ஒரு மணி நேரமேனும் பிள்ளைகளை அவர்கள் அருகில் அமரச் செய்வோம். காற்று என்றும் வீசும். அதனை ஏவல்கொள்ளும் கைகளை நாம்தாம் வளர்த்தல் வேண்டும்.