பேய் வீடும் பொய் வீடும்

வீடு விற்கிறவன் தன் வீட்டிலுள்ள குற்றங் குறைகளை வாங்குகிறவனுக்கு முன்கூட்டிச் சொல்லியாக வேண்டுமா வேண்டாமா என்கின்ற விஷயத்தில் நம் ஜனங்களுக்குள்ள கவலையானது, தலைவாசல் எந்தத் திக்கைப் பார்த்திருக்கின்றது என்பதில் அவர்களுக்குள்ள கவலையில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மாடு பிடிக்கப் போகிறவனாவது சுழியைப் பார்ப்பதோடு பல்லையும் பிடித்துப் பார்க்கின்றான். வீடு வாங்குகிறவனோ பல்லைப் பாராமல் சுழியை மாத்திரம் பார்த்துவிட்டு, இதுவரை சம்பாதித்த பணத்தையும், இனி இருபது வருஷத்துக்குச் சம்பாதிக்கப் போகின்ற பணத்தையும் சேர்த்து எண்ணிக் கொடுத்துவிட்டு வருகின்றான்.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் நடந்த ஒரு சங்கதியைக் கேளுங்கள். நையாக் என்னும் ஊரில் ஒரு பழைய வீடு. வீட்டுக்கார அம்மாள் தன் வீட்டில் பேய்கள் குடியிருப்பதாகப் பத்திரிகைகளில் சொல்லி வந்தார். 1977-ல் ரீடர்ஸ் டைஜஸ்டிலேயே அந்தக் கதை வந்தது. பிறகு அந்த வீட்டை 6,50,000 டாலருக்கு விலை பேசியபோது, வெளியூரிலிருந்து வந்த ஆசாமியிடம் இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் 32,500 டாலர் முன்பணம் கொடுத்த பிறகு விஷயம் தெரிந்து கோர்ட்டுக்குப் போனார். 1991-ல் மேல்கோர்ட்டு நீதிபதிகள் ஐவரில் மூவர், பேய் எதனால் தோன்றியதாக இருந்தாலும் சரி, ஊரறிய உண்டு என்று சொன்னவர் இப்போது இல்லையென்று மறுக்க முடியாது, ஆகையால் சட்டத்தின் கண்ணுக்கு அது பேய் வீடுதான் என்று தீர்ப்புச் சொல்லி, பேரத்தை ரத்துச் செய்யக் கேட்கும் வழக்கு செல்லும் என்றார்கள்.

இதைப் படிக்கின்றவர்களுக்குச் சிரிப்பு வரும். நமக்கும் வருகின்றது. ஆனால் அது பேய்க்காக அல்ல. இல்லாத பேயை மறைத்ததற்குப் பரிகாரம் கொடுத்த அதே மாகாணத்தில், இருக்கின்ற ஒழுகலை மறைத்தவனுடைய யோக்கியதை என்ன? வீட்டுக் குறைகளை எழுதி வாங்குகிறவனிடம் கொடுக்க வேண்டும் என்று 2002-ல் ஒரு சட்டம் அமுலுக்கு வந்தது. கூடவே, அந்த அறிக்கையைக் கொடுக்கத் தவறியவன் வாங்குகிறவனுக்கு 500 டாலர் கழித்துவிட வேண்டியது என்றும் அதில் இருந்தது. விற்கிறவன் என்ன செய்வான்? லட்சக்கணக்கான பேரத்தில் 500 டாலரைத் தட்சணை போல வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். உண்மை பேசாமலிருக்க உரிமைச் சீட்டு 500 டாலர்! இந்த ஓட்டையை அடைக்க 2024 மார்ச்சு மாதம் வரை ஆயிற்று. அந்த அறிக்கையிலும் "உண்டு", "இல்லை" என்பவற்றோடு "தெரியாது" என்று ஒரு கட்டம் இருக்கின்றது. இருபது வருஷம் குடியிருந்தவனுக்கு நிலவறையில் தண்ணீர் ஊறுகின்றதா என்பது "தெரியாது" என்றால், அந்தத் "தெரியாது" என்பதையே ஒரு பெருங் குறையாக எடுத்துக்கொண்டு ஆளை அனுப்பிப் பார்க்க வேண்டியதுதான் புத்திசாலித்தனமாகும்.

நிற்க, நம் நாட்டில் சட்டமே இல்லையோ என்று யாரும் எண்ண வேண்டாம். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவு இருக்கின்றது. விற்கிறவனுக்குத் தெரிந்து, வாங்குகிறவனுக்குத் தெரியாமல், சாதாரண ஜாக்கிரதையினால் கண்டுபிடிக்கவும் முடியாமல் உள்ள முக்கியமான குறை, சொத்தில் இருந்தாலும் சரி, பாத்தியதையில் இருந்தாலும் சரி, அவன் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவு கூறுகின்றது. கேட்டால் மூலப் பத்திரங்களைக் காட்ட வேண்டும். கேட்ட கேள்விகளுக்குத் தனக்குத் தெரிந்தவரை பதிலும் சொல்ல வேண்டும்.

ஆனால் இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஒன்று, வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபோதுதான் இந்தக் கடமை. "உள்ளது உள்ளபடியே ஒப்புக்கொண்டேன்" என்று பத்திர எழுத்தர் ஒரு வரியைச் செருகினால், வாங்குகிறவன் அது என்ன மந்திரம் என்று கேட்பதில்லை. மற்றொன்று, பதிவாகியிருக்கின்ற பத்திரத்தை நீங்கள் பார்த்தாலும் பாராவிட்டாலும் பார்த்ததாகவே சட்டம் வைத்துக்கொள்ளும். வீட்டில் வேறொருவர் குடியிருந்தால் அவருடைய உரிமையும் உங்களுக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும். வில்லங்கச் சான்று வாங்காதவனுக்கு 55-வது பிரிவு அவ்வளவாகக் கை கொடுக்காது. அந்தச் சான்றோ பதிவானதை மாத்திரம் சொல்லுமே தவிர, 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கூடத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதைச் சொல்லாது. சுவரிலிருந்த தண்ணீர்க் கோடு சொல்லும்; அதன் மேல்தான் இரண்டு பூச்சு வெள்ளை அடித்தாகி விட்டதே! 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டமும் கட்டி விற்கும் கம்பெனியைத்தான் பிடிக்கும். பழைய வீட்டை விற்கின்ற தனி ஆளைப் பிடிக்காது.

இந்த நிலையில் நம்மவர் செய்வது என்ன? வாஸ்துக்காரனைக் கூட்டிவந்து, அடுப்பங்கரை அக்கினி மூலையில் இருக்கின்றதா என்று கேட்கின்றார். சாக்கடை எந்தப் பக்கம் போகின்றது என்று கேட்பதில்லை. "ராசியான வீடு, இங்கு வந்த பிறகுதான் எனக்கு யோகம்" என்று விற்கிறவன் சொன்னால் மனம் குளிர்ந்து போகின்றார். அவ்வளவு யோகமான வீட்டை எதற்கையா விற்கின்றாய் என்று கேட்கின்றவர் எத்தனை பேர்? விற்கிறவனுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்? கேளாத கேள்விக்குப் பொய் சொல்ல வேண்டிய சிரமம்கூட அவனுக்கு இல்லையே!

சர்க்காரின் போக்கும் இதற்குக் குறைந்ததல்ல. சுபமுகூர்த்த நாட்களில் பத்திரப் பதிவுக்குக் கூடுதல் டோக்கன் கொடுக்கின்றார்கள். பஞ்சாங்கம் பார்த்து டோக்கன் கொடுக்கத் தெரிந்த இலாகாவுக்கு, கிரயப் பத்திரத்தோடு விற்கிறவன் கையெழுத்திட்ட குறை அறிக்கை ஒன்றும் சேரவேண்டும் என்று விதிக்க ஏன் தெரியவில்லை என்று கேட்கின்றோம்.

அது வருகின்ற வரையில், வாங்குகிறவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்னதாக ஒரு காகிதத்தில் தாமே எழுதிக் கேட்கட்டும்: எந்த வருஷம் வெள்ளம் வந்தது, எவ்வளவு உயரம், தளம் எங்கே ஒழுகியது, யார் செப்பனிட்டது, கட்டிட அனுமதிக்கு மேல் எத்தனை அறை கட்டியது, கோர்ட்டில் வழக்கு உண்டா, பாகத்துக்குரிய தங்கை, அக்காள் கையெழுத்துப் போட்டார்களா, வீட்டு வரி பாக்கி எவ்வளவு. பதிலின் கீழ் விற்கிறவருடைய கையெழுத்தும் தேதியும் வேண்டும். கையெழுத்துப் போட மறுக்கின்றவருடைய வீட்டுக்கு வாஸ்து பார்க்க வேண்டிய அவசியமில்லை.