புள்ளி வயலில் விழணும்

மழை விட்டு ரெண்டு நாள் ஆகுது. நவரைக்கு விட்ட நாற்றங்காலில் தண்ணி வடியட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். தீபாவளிக்கு வந்திருந்த அக்கா மகன் காட்டின ஒரு வரைபடம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான்.

அவன் சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு கம்பெனியில் வரைபட வேலை பார்க்கிறான். எந்த ஊரில் என்ன நோய், எத்தனை பேருக்கு, பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே என்று கம்ப்யூட்டரில் புள்ளி வைத்துப் பார்க்கிற வேலை. தாம்பரம் சுற்றுவட்டாரத்தைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு ஆஸ்பத்திரியைச் சுற்றியும் பச்சையில் ஒரு வட்டம். அஞ்சு கிலோமீட்டர் வட்டமாம். "மாமா, அகரம்தென் பக்கத்துல நம்ம ஊரும் பச்சைக்குள்ளதான் இருக்குது பாருங்க. உங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. "டேய், உன் சின்ன மாமா கதை மறந்துபோச்சா?" என்று கேட்டேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாசம். இருட்டுகிற நேரத்தில் மழைத் தண்ணியை வெட்டிவிடப் போன என் தம்பியைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. பதற்றத்தில் 108-ஐக் கூப்பிடத் தோன்றவில்லை. அது எங்க தப்பு. பைக்கில் அவனை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினோம். முதலில் போன இடத்தில் டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டார். ரெண்டாவது இடத்தில் டாக்டர் இருந்தார், விஷமுறிவு மருந்து இல்லை. மூன்றாவது இடத்துக்குப் போக கேம்ப் ரோடு சந்திப்பைத் தாண்டணும். ஆபீஸ் விட்டு வருகிற நேரத்தில் அந்த இடம் எப்படி இருக்கும் என்று சேலையூர் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மருந்து ஏறும்போது கடித்து ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

தம்பி பிழைத்தான். ஆனால் சிறுநீரகம் அடிபட்டு ஒரு மாசம் போல டயாலிசிஸ். அந்த வருஷம் நவரை நடவு இல்லை. ரெண்டு கறவை மாடு போச்சு.

அஞ்சு கிலோமீட்டர் என்பது காக்காய்க்கு. வயலில் இருந்து தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்குத் தூரம் என்றால் நிமிஷம்தான். அந்த நேரத்தில் கதவு திறந்திருக்கா, உள்ளே மருந்து இருக்கா என்பதும் அந்தக் கணக்கில் சேரணும். தாம்பரத்தை ரயில் பாதை ரெண்டாகப் பிளந்து வைத்திருக்கிறது. வட்டத்துக்கு அது தெரியுமா?

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்காகத் தம்பி மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு இருக்கிறான். விவசாயம் மட்டும் இங்கே. ஆதாரில் இருப்பது அந்த முகவரி, அதனால் டிஸ்சார்ஜ் சீட்டிலும் அதுவே. எழுதினவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். கடிபட்ட இடம் எது என்று எழுத அந்தச் சீட்டில் கட்டமே இல்லை. அக்கா மகன் அந்த முகவரிக்குப் புள்ளி வைத்துக் காட்டினான். அது ஒரு அடுக்குமாடியின் மேல் போய் விழுந்தது. கண்ணாடி விரியன் லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடிக்குப் போய்க் கடித்த மாதிரி! எங்க வயல் இருக்கிற இடத்தில் ஒரு புள்ளியும் இல்லை. "இங்கே பாம்புக்கடியே கிடையாது, மருந்து எதுக்கு?" என்று ஒரு அதிகாரி கேட்டால் வரைபடம் அவர் பக்கம்தான் பேசும்.

நோய்க்குப் புள்ளி வைக்கிற வழக்கத்துக்கு எல்லாரும் உதாரணம் காட்டுவது லண்டன் டாக்டர் ஜான் ஸ்னோவை. 1854-ல் அங்கே பிராட் தெரு பக்கம் காலரா வந்து 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். கெட்ட காற்றால் வருகிறது என்றுதான் அப்போது பெரிய டாக்டர்களே நம்பினார்கள். ஸ்னோ செத்தவர்களின் வீட்டையெல்லாம் வரைபடத்தில் குறித்தார். அந்தத் தெருவின் அடிபம்பைச் சுற்றியே சாவு குவிந்திருந்தது. செப்டம்பர் 8-ந் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். இதுவரைக்கும் பலருக்குத் தெரியும்.

அக்கா மகன் சொன்னதில் என்னைப் பிடித்துக்கொண்டது வேற ரெண்டு விஷயம். ஒண்ணு, ஸ்னோ வட்டம் போடவில்லை. எந்தெந்த வீட்டுக்காரருக்கு நடந்து போக அந்தப் பம்பு மற்றப் பம்புகளைவிடக் கிட்டம் என்று பார்த்துக் கோடு போட்டார். நடக்கிற தூரம்தான் அவர் கணக்கு. ரெண்டாவது, ஹாம்ஸ்டெட் என்று தூரத்தில் ஒரு ஊர். அங்கே ஒரு விதவை அம்மாவும் காலராவில் செத்தார். முகவரியை மட்டும் பார்த்தால் பம்புக்கும் அந்த அம்மாவுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்னோ விசாரித்தார். அந்த அம்மா முன்னே பிராட் தெருவில் குடியிருந்தவர். அந்தத் தண்ணி ருசி பிடித்துப்போய், தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். முகவரியோடு நின்றிருந்தால் ஸ்னோவுக்கு அது தெரிந்திருக்காது. வாயைத் திறந்து கேட்டதால் தெரிந்தது.

நம்ம தாம்பரத்திலேயே இதுக்குப் பாடம் இருக்கிறது. ரயில் நிலையத்துக்கே பேர் கொடுத்த சானடோரியம் 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காகத் தொடங்கியது. 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது. எச்ஐவி-க்கு இலவசக் கூட்டு மருந்தை 2004 ஏப்ரல் 1-ந் தேதி இந்தியா முழுக்க எட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் தொடங்கினபோது அதில் தாம்பரமும் ஒன்று. எங்கெங்கோ இருந்து ஜனங்கள் ரயிலேறி வந்தார்கள். வைத்தியம் பார்த்த இடத்தில் புள்ளி வைத்தால் அத்தனை நோயும் தாம்பரத்துடையது ஆகிவிடும். அந்த ஜனம் தன் ஊரில் மருந்து கிடைக்காமல் ராத்திரி முழுக்கப் பயணம் செய்தது அதில் தெரியவே தெரியாது.

எல்லைக் கோட்டுக்கும் இதே கதைதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பல்லாவரம் பக்கம் வாந்திபேதி வந்து முப்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், உயிரும் போனது. குடிதண்ணியில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று ஜனங்கள் சொன்னார்கள், அதிகாரிகள் மறுத்தார்கள், தண்ணியை எடுத்து கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்கு அனுப்பினார்கள். பாதித்த தெருக்களில் சில தாம்பரம் மாநகராட்சி, சில கண்டோன்மென்ட். கணக்கு ரெண்டு நோட்டில் இருக்கலாம், பேதிக்கு அந்த எல்லை தெரியாது. அதே மாதிரி 2021-ல் அஞ்சு நகராட்சி, அஞ்சு பேரூராட்சி சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி வந்தபோது அகரம்தென், நன்மங்கலம், முடிச்சூர் எல்லாம் ஊராட்சியாகவே வெளியே நின்றன. செம்பாக்கம் ஏரித் தண்ணி நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போகும்போது வார்டு நம்பர் பார்த்தா போகும்? மேட்டில் கலந்தது பள்ளத்துக்கு வரும். கலங்கல் எங்கே, வாய்க்கால் எங்கே என்று பார்த்துத்தான் நோய்க் கணக்கைச் சேர்க்கணும். இந்த வட்டாரத்தில் கழனி வைத்திருக்கிற எந்தக் கிழவரைக் கேட்டாலும் வழி சொல்லுவார்.

நல்லதும் நடந்திருக்கிறது, மறைக்கக்கூடாது. தம்பிக்கு நடந்து ஒரு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அரசோ தனியாரோ, எந்த ஆஸ்பத்திரியானாலும் கணக்குக் கொடுக்கணும். 2000-லிருந்து 2019 வரைக்கும் இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியில் செத்திருப்பார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள். இதில் ஒரு வயிற்றெரிச்சல் என்னவென்றால், விஷமுறிவு மருந்து செய்ய வேண்டிய விஷத்தை எடுத்துக் கொடுப்பதே நமக்குப் பக்கத்து வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம்தான். 1978-லிருந்து நடக்கிறது. விஷம் இங்கிருந்து போகுது. மருந்தாகத் திரும்பி வரும்போது வழி தப்பிவிடக்கூடாது இல்லையா? அந்த வழியைக் காட்டவேண்டியது இனிமேல் சேரப்போகிற கணக்குதான். அதில் கடிபட்ட இடம் இல்லாமல் வீட்டு முகவரி மட்டும் இருந்தால் மறுபடியும் அடுக்குமாடியில்தான் புள்ளி விழும்.

அக்கா மகன் ஒரு நியாயம் சொன்னான். "மாமா, ரொம்பத் துல்லியமா வச்சா யாரு வீட்டுல என்ன நோய்னு ஊருக்கே தெரிஞ்சுடும். எச்ஐவி, காசநோய்னா குடும்பமே ஒதுங்கணும்." சரிதான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டு நம்பர் எதுக்கு? பாம்புக்கடிக்கு எந்த ஏரிப் பாசனம், எந்தக் களம் என்று இருந்தால் போதும். பேதிக்கு எந்தத் தெருக் குழாய், எந்தத் தொட்டி என்று இருந்தால் போதும். ஆளைக் காட்ட வேண்டாம், இடத்தைக் காட்டினால் போதும்.

இதைப் படிக்கிற உங்களில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவர்கள் இருப்பீர்கள், ஆஸ்பத்திரியில் படிவம் தயாரிக்கிறவர்களும் இருப்பீர்கள். "எங்கே நடந்தது" என்று ஒரு கட்டம் கூடப் போடுங்க. வட்டம் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க வரப்பிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டி ஓட்டிப் பாருங்க. வண்டி நான் தருகிறேன்.

அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினான். வட்டத்தை எடுத்துவிட்டு, சாயங்கால நெரிசலில் எத்தனை நிமிஷம் என்று போட்டுப் பார்த்தானாம். எங்க ஊர் இப்போ பச்சையில் இல்லை. சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா தெரியவில்லை. தம்பியிடம் சொன்னேன். "அப்பாடா, இப்பவாச்சும் தெரிஞ்சுதே" என்று சொல்லிவிட்டு, கம் பூட்ஸ் மாட்டிக்கொண்டு டார்ச்சோடு மடை பார்க்கப் போய்விட்டான்.