பேராசையின் மேல் பழி போடாதீர்கள்

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ராம்சர் எல்லைக்குள், பெரும்பாக்கத்தில், அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுமதி கொடுத்திருக்கவே கூடாது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துத்தான் இதை நிறுத்த வேண்டியிருந்தது என்பது வெட்கக்கேடு. அதைவிட எரிச்சலூட்டுவது இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள். பட்டா நிலம், காப்புக்காட்டுக்கு வெளியே இருக்கிறது, எல்லையை இன்னும் அளந்து முடிக்கவில்லை என்கிறார்கள். இவை எடுபடாத இடத்தில் தத்துவம் பேசுகிறார்கள். சொந்த வீட்டு ஆசை யாரை விட்டது, மனிதனின் பேராசைக்கு முன்னால் எந்த நீர்நிலை தாங்கும் என்று.

உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் இந்தச் சதுப்பு சேர்ந்தபோது காட்டிய பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். காப்புக்காடு அதில் ஒரு பகுதிதான். மற்றது அதற்கு வெளியே உள்ள நிலம். இது அன்றே எல்லாருக்கும் தெரியும். உலகத்துக்கு வரைபடம் அனுப்பும்போது உள்ளே இருந்த நிலம், கட்டட அனுமதிக் கோப்பில் எப்படி வெளியே போனது? அளக்கவில்லை என்றால் அளந்து முடிக்கும்வரை கோப்பைத் தொடாமல் இருப்பதுதானே முறை? தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து தங்கித்தான், ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் கழிமுகத்துக்கும் போகிறது. ஒரு சர்வே எண்ணில் மண் கொட்டி மேடாக்கினால் அந்த நீர் அடுத்த தெருவுக்குள் நுழையும். புயல் எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் ஓரமாக வரிசையில் நிறுத்துவது இதனால்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானப் பள்ளத்தில் சிக்கிய இருவரின் உடல்களை மீட்கவே நாள்கணக்கானது.

இதற்கெல்லாம் மனித இயல்பா காரணம்? கழுவெளி என்று அழைத்த இந்தச் சதுப்பைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்களும் மனிதர்கள்தான். மாடு மேய்த்தார்கள், மீன் பிடித்தார்கள், கோரை அறுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கழுவெளி இருந்தது. பொதுவில் உள்ளதை ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று 1968-இல் காரெட் ஹார்டின் எழுதினார். அழிக்காமல் கூடிக் காத்த ஊர்களை ஆராய்ந்து காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஆசை அன்றும் இருந்தது. சேற்றுக்கும் சதுர அடிக் கணக்கில் விலை பேசும் சந்தைதான் பிறகு வந்தது. முதல் போட்டவர் லாபத்தோடு வெளியேறிவிடுகிறார். முழங்கால் தண்ணீர் கடன் வாங்கி வீடு வாங்கியவருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும்.

சோவியத் ஆட்சியில் ஆரல் கடல் வற்றியதே, அங்கே எந்த முதலாளி இருந்தார் என்று கேட்பார்கள். கேட்கட்டும். பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியது, அந்தக் கடற்கரையில் இருந்த மொய்னாக் ஊர் மீனவரின் பேராசையா? மேலிருந்து வந்த உத்தரவு. நஷ்டம் தன் வீட்டு வாசலுக்கு வராது என்ற தைரியத்தில் முடிவெடுப்பவர்கள் அங்கேயும் இருந்தார்கள், இங்கேயும் இருக்கிறார்கள்.

இங்கே இருப்பவர்களின் பழைய கணக்கையும் பேசியாக வேண்டும். நீர் நிற்கும் நிலத்தை வீண் நிலம் என்று மதித்தார்கள். பெருங்குடியில் நகரத்தின் குப்பையை மலையாகக் குவித்தார்கள். பறக்கும் ரயில், தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், 200 அடிச் சாலை என்று எது வந்தாலும் சதுப்பையே வெட்டிக் கொடுத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகாவது திருந்தினார்களா? ஆக்கிரமிப்பு என்று சொல்லி கூவம், அடையாறு கரைகளின் குடிசைகளைப் பெயர்த்து, அந்த மக்களை இதே பெரும்பாக்கத்தில் கொண்டுவந்து கொட்டினார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் எட்டாத தூரம், மழை வந்தால் அங்கேயும் தண்ணீர். ஆற்றங்கரையில் ஓலை வேய்ந்தவன் குற்றவாளி. சதுப்பில் கான்கிரீட் தூண் நடுபவருக்கு முத்திரை குத்திய அனுமதி. இதில் இயல்பு எங்கே இருக்கிறது? பணத்துக்கு வளைந்த நிர்வாகம்தான் இருக்கிறது.

இந்த அனுமதி போக வேண்டும். ராம்சர் எல்லை முழுவதையும் எந்தச் சாக்கும் சொல்லாமல் காக்க வேண்டும். நிலத்தை விற்பனைச் சரக்காகவே பார்க்கும் போக்கு அடியோடு மாற வேண்டும், அதற்கான வழியை அரசு தேடியே ஆக வேண்டும். தேடும்வரை, மடிப்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் வீட்டுக்குள் தண்ணீர் இறைப்பவர்களைப் பார்த்து உங்கள் பேராசைதான் காரணம் என்று சொல்ல இந்த முடிவெடுப்பவர்களில் ஒருவருக்கும் உரிமை கிடையாது.