இந்த முருகேசன் யாரும்மா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டொராண்டோவில் வெளியே பனி, உள்ளே காபி. ஊரிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். டாக்டர் பெண்.

"மாமா, மெடிக்கல் ஜர்னலுக்கு ஒரு கட்டுரை அனுப்பினேன். ரெஃபரன்ஸ் எல்லாம் ஃபார்மட்படி இல்லைன்னு திருப்பிட்டாங்க. மொத்தம் 42 இருக்கு. கொஞ்சம் பாத்துத் தாங்களேன்."

எனக்கும் மருத்துவத்துக்கும் உள்ள சம்பந்தம் மாத்திரை முழுங்குவதோடு சரி. படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி வேலை. "என்கிட்ட ஏம்மா?" என்றேன். "கணக்குல ஒரு பைசா உதைச்சாலும் நீங்கதான் விடமாட்டீங்களே!" என்றாள். வசமாக மாட்டிக்கொண்டேன் :-)

உட்கார்ந்து பார்த்தால், இது நம்ம வவுச்சர் சமாச்சாரம்தான். கட்டுரையில் ஒரு விஷயம் சொன்னால், அதற்கு ஆதாரம் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் என்று கடைசியில் காட்ட வேண்டும். மருத்துவ இதழ்கள் பலவற்றில் இதற்கு வான்கூவர் முறை. 1978ல் சில மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் இதே கனடாவில், வான்கூவரில் கூடி ஆரம்பித்து வைத்தது. மறு வருடம் விதிகள் அச்சில் வந்தன. கட்டுரையில் வரும் வரிசைப்படி 1, 2, 3 என்று எண். அப்புறம் ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழின் சுருக்கப் பெயர், வருடம், தொகுதி, பக்கம். ஆறு பேருக்கு மேல் எழுதியிருந்தால் ஆறு பெயர் போட்டு 'மற்றும் பலர்'. '1925;66:375-400' என்று இருந்தால் 1925ம் வருடம், 66வது தொகுதி, 375லிருந்து 400 வரை. செக்கின் அடியில் இருக்கும் எண்கள் மாதிரி, ஒன்று பிசகினாலும் வேறு கணக்குக்குப் போய்விடும்.

புள்ளி, கமா எல்லாம் அரை நாளில் முடிந்தது. உதைத்தது பெயரில்.

11வது வரியில் 'கயல்விழி எம்'. 29வது வரியில் 'முருகேசன் கே'. (நிஜப் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) "11 நீ. இந்த முருகேசன் யாரும்மா?" என்றேன்.

"அதுவும் நான்தான் மாமா!"

முருகேசன் என் அக்கா வீட்டுக்காரர். மாங்காய் மண்டி வைத்திருப்பவர். அவர் எப்போது மருத்துவ ஆராய்ச்சி செய்தார்?

நடந்தது இதுதான். பள்ளிச் சான்றிதழில் அவள் எம். கயல்விழி. பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டு கயல்விழி முருகேசன் ஆனாள். முதல் கட்டுரை சான்றிதழ்ப் பெயரில், இரண்டாவது பாஸ்போர்ட் பெயரில். வான்கூவர் முறையில் குடும்பப் பெயர் முன்னால், மற்றது இனிஷியல். ஆகவே இரண்டாவது கட்டுரையில் டாக்டர் பெண் ஒரு எழுத்தாகச் சுருங்கி, அப்பா ஆசிரியராகிவிட்டார். சிரித்து முடித்த பிறகுதான் அடுத்ததைச் சொன்னாள். வெளிநாட்டில் ஒரு பயிற்சிக்கு விண்ணப்பித்தபோது, "உங்கள் பெயரில் ஒரு கட்டுரைதானே இருக்கிறது, இரண்டு என்று எழுதியிருக்கிறீர்களே?" என்று கேட்டிருக்கிறார்கள். பேராசிரியரிடம் கடிதம் வாங்கி, இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டி வந்ததாம். வங்கியில் இதே பிரமாணப் பத்திரத்தை எத்தனை பேரிடம் நான் கேட்டு வாங்கியிருப்பேன்!

எங்கள் குடிபாலாவில் இது புதிதில்லை. வேலூர் ரோட்டில் எல்லையோர ஊர். வகுப்பில் பாதி தெலுங்கு, பாதி தமிழ். தெலுங்குப் பையனின் இனிஷியல் வீட்டுப் பெயர், என் இனிஷியல் அப்பா பெயர். ஆனால் வாத்தியார் கூப்பிடுவது எல்லோரையும் சொந்தப் பெயரால்தான். குழப்பமே வந்ததில்லை.

அந்த வழக்கம்தான் அந்நிய தேசத்திலும் காப்பாற்றியிருக்கிறது. எல்லாப்ரகட சுப்பாராவைத் தெரிந்திருக்கும். 1895ல் பீமவரத்தில் பிறந்து, மதராஸில் மருத்துவம் படித்து, ஹார்வர்டுக்குப் போனவர். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் அளக்க ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து அவர் கண்ட முறை 1925ல் வந்தது. நான் மேலே சொன்ன எண்கள் அந்தக் கட்டுரையுடையவைதான். எல்லாப்ரகட என்பது வீட்டுப் பெயர். இலக்கணப்படி அதுதான் 'சர்நேம்'. ஆனால் பட்டியல்களில் அவர் 'சுப்பாராவ் ஒய்'. சோதனைக்கும் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை என்றே பெயர் நின்றுவிட்டது.

நம்ம எஸ். சந்திரசேகரையும் பாருங்கள். சுப்ரமண்யன் என்பது அப்பா பெயர். அது இனிஷியலாக இருந்ததால் 'சந்திரசேகர் எல்லை' என்கிறார்கள், 1999ல் நாசா அனுப்பிய தொலைநோக்கிக்கு சந்திரா என்று பெயர் வைத்தார்கள். இன்றைய ஃபாரத்தை நிரப்புவது போல நிரப்பியிருந்தால் பெருமை எல்லாம் அப்பாவுக்குப் போயிருக்கும் :-)

ஆக, என் கட்சி இதுதான். தாத்தா காலத்து 'இனிஷியல், பெயர்' முறையில் கோளாறே இல்லை. வான்கூவர் பட்டியலில் அது அப்படியே உட்காரும். கோளாறு, 'சர்நேம்' என்ற கட்டத்தைப் பார்த்ததும் பதறி அப்பா பெயரைப் போடும் நம்மிடம். பாஸ்போர்ட்டில் இருப்பதைத்தான் கட்டுரையிலும் போட வேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு பெயரை முடிவு செய்து, கல்யாணம் ஆனாலும் தேசம் மாறினாலும் அதிலேயே நில்லுங்கள். கூடவே 'ஆர்கிட்' எண் (பூ இல்லை!) ஒன்று வாங்கிவிடுங்கள். 2012லிருந்து இலவசமாகத் தருகிறார்கள். 16 இலக்கம், கடைசி இலக்கம் மற்றதைச் சரிபார்க்க. பெயர் தடுமாறினாலும் எண் தடுமாறாது.

"என் பேர் இப்படியே நிக்கட்டும்னா, பாஸ்போர்ட் ஒரு பேர், கட்டுரை ஒரு பேருன்னு விசாவுல கேக்க மாட்டாங்களா?" என்றாள். கேட்கலாம். அதற்குத்தான் அந்த எண்ணும் ஒரு கடிதமும். வருடா வருடம் புதுப் பெயரில் எழுதுவதைவிட ஒரு முறை விளக்குவது சுலபம்.

29வது வரியை 'கயல்விழி எம்' என்று மாற்றிவிடச் சொன்னாள். அங்கேதான் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அச்சில் எப்படி வந்ததோ அப்படித்தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் தேடுபவருக்குக் கிடைக்காது. வவுச்சர் தப்பாக இருந்தால் மூல இதழுக்கு எழுதித் திருத்தம் கேட்கலாமே தவிர, நம் பக்கத்து லெட்ஜரை மட்டும் அடித்து எழுதக் கூடாது. "சரி மாமா" என்று சொன்ன குரலில் சுரத்தே இல்லை.

போனை வைத்த பிறகு என் மகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு மேஜையில் கிடந்தது. 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் என் பெயர், கொட்டை எழுத்தில். இங்கே வந்த வருடம் யோசிக்காமல் நான் நிரப்பியது. ஒன்பதாவது படிக்கிறாள், அறிவியல் என்றால் உயிர். அவளைக் கூப்பிட்டு, "நீ பின்னாடி எதாவது எழுதினா எந்தப் பேர்ல எழுதுவே?" என்று கேட்டேன்.

"ஏம்பா, என் பேர்லதான்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பது போல.