கிட் வாங்கிக் கெட்ட கதை

ரொம்ப நாளா எழுதலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஆனா இன்னிக்கு எழுதலைன்னா வயித்தெரிச்சல் அடங்காது, அதான் வந்துட்டேன்.

அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. சென்னையில அவ ஸ்கூல்ல போன மாசம் ரோபோ சண்டை வச்சாங்க. பிளைவுட் மேடை, ஒரு கிலோவுக்கு மிகாத ரெண்டு ரோபோ, மூணு நிமிஷம், எதிராளியை மேடையை விட்டுத் தள்ளணும். கேக்க நல்லாத்தானே இருக்கு? பின்னாடியே ஒரு சர்க்குலர் வந்துச்சு. எல்லாரும் ஒரே கம்பெனி கிட் தான் வாங்கணும், விலை 6,500 ரூபாய், வெளியில வாங்கின சாமான் ஒரு ஸ்க்ரூ கூட சேர்க்கக் கூடாது.

பெட்டியைப் பிரிச்சுப் பார்த்தேன். மஞ்சக் கலர் பி.ஓ. மோட்டார் ரெண்டு, 65 மில்லிமீட்டர் சக்கரம் ரெண்டு, எல்298 மோட்டார் டிரைவர், ஆர்டுயினோ மாதிரி ஒரு போர்டு, ப்ளூடூத் மாட்யூல், அக்ரிலிக் தகடு, ஒன்பது வோல்ட் சதுர பேட்டரி ரெண்டு. கடைசி ஐட்டத்தைப் பார்த்ததுமே எனக்குப் பகீர்னு ஆச்சு. வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அது என் தப்பு.

சண்டை அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, ரெண்டு ரோபோவும் ஜம்முனு ஓடி வந்து முட்டும். முட்டின அடுத்த வினாடி ரெண்டும் பிணம். ப்ளூடூத் விளக்கு மட்டும் படபடன்னு கண்ணடிக்கும். போன்ல மறுபடி கனெக்ட் பண்ணி யாருது முதல்ல உயிர் பிழைக்குதோ அவங்க ஜெயிப்பு. இப்படியே பதினாறு டீம். நடுவரா வந்தவர் எங்க பொண்ணுகிட்ட, "டிரைவிங் பிராக்டிஸ் பத்தலைம்மா" அப்படின்னார். வீட்டுக்கு வர்ற வழி பூரா பேசலை. ராத்திரி சாப்பிடும்போது கேட்டா: "மாமா, நான்தான் சரியா ஓட்டலையா?"

இந்தக் கேள்விக்காகத்தான் மக்களே இந்தப் பதிவு.

அவ சரியாத்தான் ஓட்டினா. அந்த சதுர பேட்டரி இருக்கே, அது புகை அலாரத்துக்கும் ரேடியோவுக்கும் செஞ்சது. உள்மின்தடை அதிகம். மோட்டார் சும்மா சுத்துறப்ப கொஞ்சம் மின்னோட்டம் போதும். முட்டி நின்னுட்டா ரெண்டும் சேர்ந்து ஒரு ஆம்பியருக்கு மேல இழுக்கும். ஒன்பது வோல்ட் அப்பவே ஏழுக்கோ அதுக்கும் கீழவோ படுத்துடும். அதுல எல்298 தன் பங்குக்கு ரெண்டு வோல்ட்டை முழுங்கும். அது பழைய காலத்து டிரான்சிஸ்டர் வடிவமைப்பு, அதோட குணமே அப்படி. மிச்சம் அஞ்சு வோல்ட்ல மோட்டார் என்னத்தைத் தள்ளும்? போதாததுக்கு அதே பேட்டரியில இருந்துதான் போர்டுக்கும் ப்ளூடூத்துக்கும் அஞ்சு வோல்ட் வரணும். அந்த ரெகுலேட்டருக்கு உள்ள ஏழாவது வந்தாத்தான் வெளிய அஞ்சு ஒழுங்கா வரும். வரலை. போர்டு ரீசெட். அதாவது எப்ப பலம் வேணுமோ சரியா அப்ப சாகுற மாதிரியே செஞ்சு வச்சிருக்காங்க!

சக்கரக் கணக்கு இன்னும் கொடுமை. தள்ளுற ரோபோவுக்கு ஒரு எளிய விதி உண்டு: மோட்டார் நிக்கிறதுக்கு முன்னாடி சக்கரம் வழுக்கணும். ஒரு கிலோ எடையும் ரெண்டு சக்கரத்து மேல இருக்கு, பிடிமானமும் நல்லா இருக்குன்னு வச்சுக்குங்க. சக்கரத்துக்கு அரை கிலோ தள்ளுவிசை. ஆரம் 3.25 சென்டிமீட்டர். பெருக்கினா ஒன்றரை கிலோ-சென்டிமீட்டருக்கு மேல முறுக்குவிசை வேணும். அந்த மஞ்ச மோட்டார் ஆறு வோல்ட்லயே கிட்டத்தட்ட முக்கால்தான் தரும். ஒன்பதாங் கிளாஸ் பொண்ணு போடுற பெருக்கல் இது. கிட் வித்தவர் போடலை.

பொறுப்பு வாத்தியாரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனுஷன், கத்தலை. "சார், எல்லாருக்கும் ஒரே கிட்டுன்னாத்தான் நியாயம். இல்லைன்னா பணக்காரப் பிள்ளைங்க காஸ்ட்லியா வாங்கி ஜெயிச்சுடுவாங்க" அப்படின்னார். இந்த வாதத்தை நான் கேலி பண்ண மாட்டேன். நியாயமான பயம்தான். ஆனா அதுக்கு மருந்தை ஊர் உலகத்துல எப்பவோ கண்டுபிடிச்சாச்சு. எடை வரம்பு! அமெரிக்காவுல 'எறும்பு' எடைப் பிரிவுன்னா ஒரு பவுண்டு, 454 கிராம். இங்கிலாந்துல எறும்புன்னா 150 கிராம், அதுவும் நாலு அங்குல கனசதுரப் பெட்டிக்குள்ள அடங்கணும். 1995-ல சான் பிரான்சிஸ்கோ ரோபோ வார்ஸ்ல லா மெஷின்னு ஒண்ணு வந்துச்சு. ஆப்பு மாதிரி ஒரு சாய்பலகை, அவ்வளவுதான். ஆயுதம் வச்சிருந்த பெரிய கைகளையெல்லாம் முட்டித் தள்ளிட்டுப் போச்சு. எடையோட விலைக்கும் ஒரு வரம்பு வைங்க சார், 2,500 ரூபாய், பில் காட்டணும்னு சொல்லுங்க. ரிமோட் செட்டும் சார்ஜரும் ஸ்கூலே ஒரு தடவை வாங்கிப் பொதுவுல வைக்கட்டும். மிச்சத்தைப் பிள்ளைங்க தேர்ந்தெடுக்கட்டும்.

"தப்பா வாங்கிட்டா?"

தப்பா வாங்கட்டும் சார்! அதுக்குத்தானே ஸ்கூலு?

தப்பைப் பத்திப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு. அடுத்த சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கிட்டு ரிச்சி தெரு போனேன். நான் பெரிய மேதாவி மாதிரி, "பன்னெண்டு வோல்ட் ஜான்சன் மோட்டார் வாங்கு, யானை பலம்" அப்படின்னேன். நாலு வாங்கினோம். வீட்டுல சமையலறைத் தராசுல வச்சா ஒவ்வொண்ணும் 150 கிராமுக்கு மேல. மோட்டாருக்கே அறுநூறு போனா மீதிக்கு என்ன பண்றது? அம்மணி என்னைப் பார்த்த பார்வை இருக்கே... திரும்பப் போய் மாத்தினோம். இந்தத் தடவை அவளே பேசினா. கடைக்கார அண்ணன், "எவ்ளோ ஆம்ப் இழுக்கும் பாப்பா?"ன்னு கேட்டார். ஸ்கூல்ல ஒருத்தர் கூடக் கேக்காத கேள்வி அது.

அவ தேர்ந்தெடுத்தது: உலோகப் பல்சக்கரம் வச்ச என்20 மோட்டார் நாலு, 300 சுற்று. நாலு சென்டிமீட்டர் சக்கரம். சின்னச் சக்கரம்னா வேகம் போயிடாதான்னு கேட்டேன். பேப்பர்ல போட்டுக் காட்டினா, பழைய 200 சுற்று மோட்டாரும் பெரிய சக்கரமும் தர்ற அதே வேகம்தான் கிட்டத்தட்ட. எல்298-க்குப் பதிலா டிஆர்வி8833 ரெண்டு. மாஸ்ஃபெட் வகை, வோல்ட்டை முழுங்காது. முதல் போர்டுல பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்துப் புகைய விட்டா. ஒரு போர்டு காசு போச்சு. இனி வாழ்நாளுக்கும் மாத்திக் குடுக்க மாட்டா. அக்ரிலிக் அடி பட்டா விரிசல் விடும்னு தகட்டுக்குப் பதிலா காய் நறுக்குற பிளாஸ்டிக் பலகையை அறுத்தோம். (அக்காவுக்கு இன்னும் தெரியாது.)

பேட்டரியிலதான் நான் கறாரா நின்னேன். ரெண்டு செல் லித்தியம் பாலிமர், 7.4 வோல்ட். மூணு நிமிஷம் பூரா நாலு ஆம்பியர் இழுத்தாலும் 200 மில்லி ஆம்பியர்-மணி தான் செலவு, அதனால 450 தாராளம். ஆனா அது விளையாட்டுச் சாமான் இல்லை. செல்லுக்கு மூணு வோல்ட்டுக்குக் கீழ இறக்கக் கூடாது, பேலன்ஸ் சார்ஜர் வேணும், சார்ஜ் ஏறும்போது ஆள் பக்கத்துல இருக்கணும், உப்பிட்டா தூக்கிடணும். ஆறாவது ஏழாவது பிள்ளைங்களுக்கு அது வேண்டாம். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பென்சில் செல் ஆறு போட்டா 7.2 வோல்ட். எடை கொஞ்சம் கூட, வேற குறை இல்லை.

இதே மூச்சுல இன்னொண்ணு. சுத்துற பிளேடு வேணும்னு பசங்க அடம் பிடிப்பாங்க. நாலு பக்கமும் மேலயும் பாலிகார்பனேட் தகடு போட்ட கூண்டு இல்லாத ஸ்கூல்ல அந்தப் பேச்சே கூடாது. அதே மாதிரி சிக்னல் போனா ரோபோ தானா நிக்கணும். அதைச் சோதிச்ச பிறகுதான் மேடை ஏத்தணும். கிட் ரோபோக்கள்ல யாரும் சோதிக்கலை. பேட்டரியே நிறுத்திடுச்சுங்கறது வேற விஷயம் :-)

மொத்தச் செலவு, புகைஞ்சதையும் சேர்த்து, ரிமோட் நீங்கலா 2,300. நடு ஹால்ல அரிசி மூட்டையைத் தள்ளிப் பார்த்தா. மூட்டை நகரலை, சக்கரம் வழுக்கிச்சு, விளக்கு அணையலை. "மாமா, வழுக்குது, வழுக்குது!"ன்னு அவ குதிச்சதைப் பார்த்துட்டு எங்க அம்மா, வழுக்கினா எதுக்குடி சந்தோஷம்னு புரியாம நின்னாங்க.

நேத்து அடுத்த சர்க்குலர் வந்திருக்கு. அதே கிட், இப்ப 7,200. பொண்ணு ரெண்டு பக்கத்துக்குப் பிரின்ஸிபாலுக்குக் கடுதாசி எழுதியிருக்கா, பெருக்கல் கணக்கோட. நான் ஒரு வார்த்தை திருத்தலை. திங்கட்கிழமை குடுக்கிறா.

டிஸ்கி: அக்கா, இதைப் படிச்சா, பலகையை நான்தான் எடுத்தேன். புதுசு வாங்கித் தர்றேன்.